மடியில் இடம்

மடியில் இருப்பது சுளவு.
சுளவில் இலை, தூள், நூற்கண்டு,
அளவுத் தகரம், கத்தரி.
சுளவுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே
நாலு விரற்கடை இருக்கும்.
அதில்தான் நுழையப் பார்க்கிறாள் மின்ஹா,
புத்தகத்தோடு.

"தூள் ஏறும்ளா, தும்முவே, தள்ளு."
தள்ளினால் முதுகுப் பக்கம் வருவாள்.
கழுத்தைக் கட்டிக்கொண்டு
என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பாள்.
இலையைப் பார்ப்பேனா, தவளையைப் பார்ப்பேனா?
கைக்கு வேலை தெரியும், அது பாட்டுக்குச் சுருட்டும்.
கண்ணைத் தவளைக்குக் கொடுத்துவிடுவேன்.

போன வருசப் பொருட்காட்சியில் வாங்கியது,
டெல்லி அப்பளத்துக்கு அடுத்த கடை.
ராட்டினத்துக்கு வைத்திருந்த முப்பது ரூபாய்
பன்னிரண்டு பக்கமாக வீட்டுக்கு வந்தது.
ஒரு தவளை குடை வாங்கப் போகிறது.
பஸ்ஸில் போகிறது.
எந்த பஸ் என்று புத்தகத்தில் இல்லை,
எங்களுக்கு அது சந்தை முக்கில் நின்று
ஜங்ஷன் போகிற பஸ்.
கண்டக்டர் ஒரு கொக்கு.
அந்தப் பக்கம் வந்ததும் மின்ஹா
என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு
"டிக்கெட் எடுத்தாச்சா?" என்பாள்.
எடுத்தாச்சு என்று நான் சொன்ன பிறகுதான்
அடுத்த தாள் புரளும்.

"தவளைக்கு எதுக்கு உம்மா குடை?"
எழுதியவர் சொல்லவில்லை.
வெயிலுக்கு என்றேன் திங்கட்கிழமை.
மறுநாள், எர்ணாகுளத்தில் துணிக்கடையில் நிற்கிற
வாப்பாவுக்குக் கொடுத்தனுப்ப என்றேன்,
அங்கே மழை ஜாஸ்தி.
ரெண்டும் பிடிக்கவில்லை அவளுக்கு.
"கொக்கு பாத்தா ஒளிஞ்சுக்கிட" என்றாள்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
அந்தக் கதை அவள் சொன்னபடிதான் நடக்கிறது.

ஒரு எழுத்து தெரியாது.
'இ'யைக் காட்டினால் நத்தை என்பாள்.
ஆனால் கட்டு குறைந்த ஒரு சாயங்காலம்
அவசரத்தில் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.
"மழை எங்க?"
மழை பெய்வது ஏழாம் பக்கத்தில்.
அது பெய்யாமல் எட்டில் எப்படி
பஸ் ஜன்னலை மூடுவார்கள்?
வாசிக்கத் தெரியாதவளிடம் மாட்டிக்கொண்டு
திரும்பிப் போய் மழையைப் பெய்யவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு ஜெமீலா மச்சி
இலை நனைக்க வந்தவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இப்பமே படிக்க வைக்கியா,
ஸ்கூல்ல சேக்க டெஸ்ட் வைக்கானா?"

இல்லை மச்சி.
'படி' என்ற சொல்லை இந்த வீட்டுக்குள்
நான் இன்னும் விடவில்லை.
அது வரும், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு
ஸ்கேலோடு வரும்.
அதற்குள் தவளை கடைக்குப் போய்ச்
சேர்ந்துவிட்டால் போதும்.

நானும் எட்டாவது வரை படித்தவள்தான்.
மலைகளும் ஆறுகளும் ஒப்பித்தேன், மார்க் வாங்கினேன்.
அதன் பிறகு ஒரு தாளைக்கூட
அடுத்து என்ன என்று ஆசைப்பட்டுப் புரட்டியதில்லை.
இப்போது இந்தக் கொக்கு முகத்தைப் பார்த்தால்
எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று பீடிக்கடையில்
ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில்
எண்ணூறு எழுதிக் கொடுத்தார்கள்.
"என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றார் கணக்கர்.
ஏழாம் பக்கத்தில் மழை என்றால் அவருக்குப் புரியாது.
தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் வந்து பாஸ்புக்கை மாடத்தில் வைத்தேன்.
சோறு வடித்துவிட்டுத் திரும்பினால்
அது மின்ஹா கையில்,
சரியான பக்கமாகவே பிடித்திருக்கிறாள்.
முன்னால் பூனை உட்கார்ந்திருக்கிறது.
விரல் வைத்து வாசிக்கிறாள்:

"ஒரு ஊர்ல ஒரு குண்டு பொம்மை இருந்துச்சாம்.
தலை ஒரு உருண்டை, வயிறு ஒரு உருண்டை.
அது பின்னாலயே ரெண்டு முட்டை
உருண்டு உருண்டு வந்துச்சாம்.
அப்பம்..."

நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுகிறாள்.
சோற்றுப் பானையைப் பிடித்தபடி நிற்கிறேன்.
அப்பம் என்னளா?